பழுப்புப் பட்டன்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் அரைமணி. கதவு செய்யச் சொன்னாலும் கட்டில் செய்யச் சொன்னாலும் "அரைமணி நேரத்துல முடிச்சிடலாம்" என்பார். தச்சு வேலையில் கெட்டிக்காரர்தான். வாயிலிருக்கும் கடிகாரம் மட்டும்தான் சரியாக ஓடாது.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் தையல் கடை திறப்பு. இத்தனை வருடம் வீட்டுக் கூடத்தில் மிஷினை ஓட்டிய பிறகு சொந்தமாக ஒரு கடை. அதன் கவுண்டருக்காக, டப்பாவில் சேர்த்திருந்த பட்டன்கள் அத்தனையையும் அவரிடம் கொட்டிக் கொடுத்திருந்தேன். பலகைமேல் அவற்றைப் பரப்பி, எபாக்சி ரெசின் என்ற திரவப் பசையை ஊற்றி இறுக விட்டிருந்தார். தேய்த்துப் பாலிஷ் போட்டால் கண்ணாடி மாதிரி வரும் என்றார். இதுதான் அவருக்கு முதல் ரெசின் வேலை என்பதை ஊற்றி முடித்த பிறகுதான் சொன்னார்.

அந்தப் பட்டன்களில் ஒரு பழுப்புப் பட்டனும் இருந்தது. பதினொரு வருடத்துக்கு முன், அறுந்த பட்டனைத் தைத்துக்கொள்ள ஒருவர் சட்டையோடு வந்தார். வேறொன்றைத் தைத்து அனுப்பிவிட்டு, அவருடையதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அவரைத்தான் பிறகு கட்டிக்கொண்டேன். பட்டன் விஷயத்தை மட்டும் சொன்னதில்லை. திருட்டு திருட்டுதானே.

திறப்புக்கு முந்தின நாள் காலை அவர் பட்டறைக்குப் போனேன். கவுண்டர் முழுக்க வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு பட்டனைக்கூடக் காணோம்.

"என் பட்டனெல்லாம் எங்கங்க?"

"உள்ளதான் இருக்கு. தேய்ச்சா முதல்ல வெளுக்கும். போகப் போக நைஸான உப்புத்தாள் போட்டா தெளிஞ்சிடும். இங்க பாரு." ஒரு கை தண்ணீரை அள்ளித் தெளித்தார். நனைந்த இடத்தில் பட்டன்கள் பளிச்சென்று தெரிந்தன. "அரைமணி நேரம். நீ போய் டீ போடு."

டீயோடு வந்தபோது பாலிஷ் மிஷினே ஓடிக்கொண்டிருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம்தான். கவுண்டரில் ஜன்னல் அப்படியே தெரிந்தது. "எப்படி?" என்று நெஞ்சை நிமிர்த்தினார். நான் குனிந்து சாய்வாகப் பார்த்தேன். பூனை பிறாண்டியது போல நெடுக வளைவு வளைவாகக் கீறல்கள். பழுப்புப் பட்டனுக்கு மேலேதான் அதிகம்.

"யாரு இவ்ளோ உத்துப் பாக்கப் போறா?"

"நான் பாப்பேன். தினமும் இதுக்கு முன்னாடிதானே உக்காரப் போறேன்? நானூறாம் நம்பர் தாளுக்கு அப்புறம் எது போட்டீங்க?"

அவர் கூரையைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன். எண்ணூறாம் நம்பர் கட்டு பிரிக்காமலே இருந்தது. நம்பர் கூடக் கூடத் தாள் நைஸ். இவர் நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதித்திருக்கிறார்.

"தண்ணியோட பாத்தப்போ கீறலே தெரியலம்மா. மரமா இருந்தா வார்னிஷ் மூடிடும்."

"கோணத் தையலைப் பிரிக்காம அயர்ன் பண்ணினா நேராயிடுமா? மொதல்ல அந்தக் கட்டைப் பிரிங்க!"

பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடி எண்ணூறிலிருந்து ஆரம்பித்தோம். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். மார்க் போடாமல் துணி வெட்டிப் பழக்கமில்லாதவள் ஆயிற்றே, என் தையல் சாக்பீஸால் கவுண்டர் நெடுகக் கோடு போட்டேன். கோடு எல்லா இடத்திலும் அழிகிறவரை தேய்த்தால் ஓரிடமும் விட்டுப்போகாது என்பது என் கணக்கு. தண்ணீர் பட்டதும் சாக்பீஸ் கோடு கரைந்தே போய்விட்டது.

"என்னைவிட வேகமா இருக்கே உன் சாக்பீஸ்!" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே காதில் செருகியிருந்த பென்சிலை நீட்டினார். அந்தக் கோடு நின்றது.

கோடு போடு, தேய், துடைத்துக் காயவிட்டுப் பார். ஈரத்தோடு பார்க்கக் கூடாது என்பது என் சட்டம். ஒவ்வொரு தாளுக்கும் வாளித் தண்ணீரையும் மாற்றினோம், பழைய துகள் ஒன்று கிடந்தாலும் புதுக் கீறல் விழும். ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம், மூவாயிரம். தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். கடைசியில் அவர் பாலிஷ் மிஷினை ஓரிடத்திலும் நிறுத்தாமல், ரெசின் சூடாகாமல், பொறுமையாக ஓட்டினார். அவருக்குப் பொறுமை வந்ததை அன்றுதான் பார்த்தேன். முடிந்தபோது மாலை ஐந்து மணி.

மறுநாள் கடை திறந்து பத்து நிமிடத்தில் ஒரு டீச்சரம்மா வந்தார். அவர் மாட்டியிருந்த ஓவர்கோட்டில் ஒரு பட்டன் இல்லை. கவுண்டரைப் பார்த்ததும், "அட, இதே பழுப்புதான்!" என்று நகத்தால் எடுக்கப் போனார். நகம் வழுக்கியது. மறுபடி முயன்றார், மறுபடி வழுக்கியது. தேய்த்துத் தேய்த்துப் பட்ட பாட்டுக்கு எனக்கு அந்த நிமிடமே போதும் என்றிருந்தது.

"உள்ள இருக்குங்க, எடுக்க முடியாது" என்றேன். அப்போதுதான் உறைத்தது. கடையில் கொடுக்க வெளியே ஒரு பட்டன்கூட மிச்சமில்லை.

வாசலில் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தவர் ஏணியில் நின்றபடியே திரும்பினார். "டீச்சர், அது என் சட்டைப் பட்டன். பதினொரு வருஷமா நானே கேக்காம இருக்கேன். அவ உக்கார்ற இடத்துக்கு நேரா வச்சு ஊத்தியிருக்கேன், விட்டுடுங்க."

நான் குனிந்துகொண்டேன். பளபளத்த கவுண்டரில் என் முகம் அப்பட்டமாகத் தெரிந்தது.