மேயரின் மண்டையோடும் ஒரு கட்டைவிரல் பள்ளமும்

1

அன்பர்கள் எழுந்து நிற்கவும். செல்போன்களை அணைத்துவிடவும். உலக இலக்கியம் இத்தனை நாள் எதற்காகக் காத்திருந்ததோ அந்தப் பொருள், வடசென்னை எர்ணாவூரில் ஒரு வீட்டு ஷோகேஸின் மேல்தட்டில் கண்டெடுக்கப்பட்டுவிட்டது.

உட்காரலாம். அது ஓர் ஆட்டு மண்டையோடு.

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று விமர்சகர்கள் கேட்டால் ‘தொன்மத்தின் அடியாழத்தில்’ என்று சொல்வதாக இருந்தேன். உண்மையில், போன ஞாயிறு நண்பன் அறிவின் வீட்டில் ரிமோட்டைத் தேடித் துழாவியபோது கையில் தட்டுப்பட்டது.

“பாத்து மாமு, மேயரு” என்றான் அறிவு.

2

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘மரணம் என்பது எலும்பின் மௌனம்.’ (அடித்துவிட்டேன். எலும்பு எப்போது பேசிக்கொண்டிருந்தது?)

‘பிறை நிலவைப் போல் வெளுத்திருந்தது அந்தக் கபாலம்.’ (இதையும். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் பக்கெட்டின் நிறம்தான் அதற்கு.)

‘அறிவிடம் ஓர் ஆடு இருந்தது.’ இது இருக்கட்டும்.

அறிவிடம் ஓர் ஆடு இருந்தது. கொம்பில்லாத வெள்ளாட்டுக் கிடா. காலையில் கிளம்பி வார்டு முழுக்க ஒரு சுற்று வரும். எந்தக் கட்சிப் போஸ்டர் என்று பேதம் பார்க்காது. வார்டைச் சுற்றுவதால் மேயர் என்று ஒரு சாரார். மேய்வதால்தான் மேயர் என்று இன்னொரு சாரார். சாயங்காலம் அறிவும் தங்கை யசோதராவும் கடற்கரைக் கற்களில் உட்கார்ந்தால், நடுவில் தலையை நுழைக்கும். கண்ணுக்கு முன்னால், மூக்கை ஒட்டின இடத்தில் அறிவு கட்டைவிரலால் சொறிந்துவிட வேண்டும். நிறுத்தினால் முட்டும். உப்புக்காற்றும் கம்பெனிப் புகையும் ஆட்டு வாடையும் கலந்த அந்த மாலைகள் இனி ஒருபோதும்

(இந்த வாக்கியம் எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. இங்கேயே இறக்கிவிடுகிறேன்.)

மேயர் கண்டெய்னர் லாரியில் அடிபட்டுச் செத்தது. அண்ணனும் தங்கையும் கடற்கரை மணலில் புதைத்தார்கள். சில வருஷம் கழித்து கடல் அந்த மணலை அரித்தபோது ஒரு மண்டையோடு வெளியே வந்தது. அதே இடம். கொம்பும் இல்லை. அறிவு அதைக் கழுவித் துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

3

யசோதரா இப்போது கால்நடை மருத்துவக் கல்லூரியில் எலும்புப் பாடம் நடத்துகிறாள். (இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே நம்பிக்கை வரவில்லை. தெரிந்த ஒரு விஷயத்தை இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் வைத்திருந்த பேராசிரியை உலகத்தில் உண்டா?)

தெரிந்த விஷயம் இது. ஆட்டின் மண்டையோட்டில் கண்குழிக்கு முன்னால் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. பெயர் கண்ணீர் எலும்பு. [நான் வைத்த பெயர் இல்லை, பாடத்தில் உள்ளது. கவிஞர்கள் தயவுசெய்து கை வைக்க வேண்டாம்.] செம்மறிக்கு அந்த எலும்பில் விரல் நுனி பதிகிற மாதிரி ஒரு பள்ளம் உண்டு. வெள்ளாட்டுக்குக் கிடையாது.

ஷோகேஸ் மேயருக்கு இரண்டு பக்கமும் பள்ளம்.

ஆக, அது மேயர் இல்லை. எந்த வார்டுக்கும் மேயராக இல்லாமலே செத்துப்போன ஏதோ ஒரு செம்மறி. முதல் வருஷம் படிக்கும்போதே யசோதராவுக்குத் தெரிந்துவிட்டது. அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் வரவில்லை, போன ஞாயிறு வரை.

4

அவசியத்தைக் கொண்டுவந்தவள் நீலா, அறிவின் மனைவி.

“பையனுக்குப் பேசி முடிக்கப் பொண்ணு வூட்டுக்காரங்கோ வராங்கோ. நட்டநடுவுல மண்டையோடு குந்திகினு கீது. இன்னா நெனப்பாங்கோ? ஒண்ணு இந்த வூட்ல அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.”

அறிவு நெடுநேரம் யோசித்தான். அவ்வளவு நேரம் யோசித்தது நீலாவுக்குப் பிடிக்கவில்லை. பிறகு அவன், அன்று வீட்டுக்கு வந்திருந்த தங்கையைப் பார்த்தான்.

“யசோ, உங்க காலேஜ் மியூசியத்துல வெச்சுக்கோயேன். கண்ணாடிப் பொட்டில. கீழ அட்டையில பேரு எழுதணும். மேயர், வெள்ளாடு, எர்ணாவூர்னு. படிக்கிற பசங்கோ பாக்கட்டும்.”

இந்தப் பள்ளத்தை வைத்துத்தான் யசோதரா வருஷா வருஷம் பரீட்சையில் பிள்ளைகளைக் கவிழ்க்கிறாள். வெள்ளாடு என்று எழுதினால் கடைசி பெஞ்சுகூடச் சிரிக்கும். செம்மறி என்று எழுதினால், அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்று அதைப் படிப்பான்.

“ஏண்ணா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். இது வேற ஆடா இருந்தா?”

“மேயருக்குக் கொம்பு கெடையாது. இதுக்கும் கெடையாது. வேற இன்னா ஆதாரம் ஓணும்? படிக்க வெச்சதே பேஜாரு மாமு” என்று என் பக்கம் திரும்பினான். நான் ரிமோட்டைப் பார்த்தேன்.

யசோதரா மண்டையோட்டை இறக்கி அவன் மடியில் வைத்தாள். அவன் கையைப் பிடித்து, கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்தாள்.

“இங்க தொட்டுப் பாருண்ணா. இந்தப் பள்ளம் கீது பாரு, இது வந்து...”

5

முடிவு அ: அவள் சொல்லிவிடுகிறாள். அறிவு மண்டையோட்டைக் கடலிடமே திருப்பிக் கொடுக்கிறான். அந்தி, அலை, பின்னணியில் புல்லாங்குழல். (புல்லாங்குழல்காரருக்கு வேறு வேலை இருக்கிறது. வேண்டாம்.)

முடிவு ஆ: அட்டையில் வெறுமனே ‘மேயர்’ என்று எழுதிவிடுகிறாள். எல்லோரும் தப்பிக்கிறார்கள். நுட்பமான முடிவு என்று எனக்குப் பரிசுகூடக் கிடைக்கும். (மாநகராட்சி விளக்கம் கேட்கும்.)

நடந்தது மட்டும் சொல்கிறேன். அறிவின் கட்டைவிரல் அளவெடுத்துச் செய்தது போல் பள்ளத்தில் உட்கார்ந்தது. அவன் எடுக்கவில்லை. மெதுவாகத் தேய்த்தான். பிறகு மறுபக்கத்துப் பள்ளத்தையும் தேடித் தொட்டான்.

“நான் தெனம் சொறிஞ்ச எடம் யசோ” என்றான். “பாரேன், குழியே வுழுந்துகீது.”

யசோதரா திறந்த வாயை மூடவில்லை. அட்டை இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. பேனாவை உங்களிடம் கொடுத்துவிட்டு நான் கிளம்புகிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன எழுதுவதென்று நீங்களே சொல்லிக்கொடுங்கள்.

சொறிந்தால் எலும்பில் குழி விழாது.