பக்கத்து நாற்காலி

வெண்கலம் மதியச் செய்தி வாசிக்கும்போது, அதே தாள்களை வைத்துக்கொண்டு அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான் பதினேழு வருடமாக என் வேலை. வாசிப்பவருக்குத் தொண்டை அடைத்தாலோ மயக்கம் வந்தாலோ, விட்ட இடத்திலிருந்து தொடர ஓர் ஆள் வேண்டும் என்பது தேசிய வானொலியின் விதி. அந்த ஆள் நான். அலுவலகத்தில் எனக்கு மாற்றுச்சாவி என்று பெயர் வைத்திருந்தார்கள். வெண்கலம் என்பதும் வைத்த பெயர்தான். ஆனால் அது அவர் குரலுக்கு வைத்தது.

மனிதர் கல்லுக்குண்டு மாதிரி இருப்பார். இருமல்கூட அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் வரும். வருடத்துக்கு இரண்டு முறை சளி பிடித்து அவதிப்படுவது நான்தான். அவர் வாசிக்க வாசிக்கக் கூடவே சத்தமில்லாமல் வாசித்து, அவர் எங்கே மூச்சு வாங்குவார் என்பது என் நெஞ்சுக்கே பழகிவிட்டது.

எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. செய்தி முடிவில் "வாசித்தவர்" என்று சொல்லி, அடுத்து என் பெயர் ஒரு தடவையாவது காற்றில் போக வேண்டும். மேலதிகாரியிடம் கேட்டுப் பார்த்தேன். நேயர்கள் அந்தக் குரலுக்குப் பழகிவிட்டார்கள் என்று சிரித்தே தட்டிக்கழித்தார். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. வீட்டில் மனைவியிடம்தான் புலம்புவேன். என்றாவது வரும் என்று அவளும் ஒரு நாள் விடாமல் மதியச் செய்தி கேட்டாள். அப்படியே நான் ஓய்வு பெறும் நாளும் வந்துவிட்டது.

அந்தக் கடைசி நாளில்தான் அது நடந்தது. அணை திறப்பு பற்றிய செய்தியின் நடுவில் வெண்கலத்தின் குரல் கரகரத்து, பிறகு வெறும் காற்றுதான் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் பயத்தைப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. என் மைக்கின் பொத்தானை அழுத்தி, அவர் விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தேன். அணை, தேர்தல் தேதி, ரயில் கட்டணம், வானிலை என்று எட்டு நிமிடம். ஒரு தடுமாற்றம் இல்லை. கடைசித் தாளும் முடிந்தது.

"வாசித்தவர்" என்றேன். வாய் தானாகப் போய் வெண்கலத்தின் பெயரைச் சொல்லிவிட்டது.

சிவப்பு விளக்கு அணைந்தது. வெண்கலம் பேச முடியாமல் தலையில் அடித்துக்கொண்டார். மேலதிகாரி ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆள் மாறியது யாருக்குமே தெரியவில்லை, பிரமாதம் என்றார். அவரை அறையலாம் போலிருந்தது. அதற்கும் அலுப்பாக இருந்தது.

வீட்டுக்குப் போனதும் மனைவி கதவைத் திறந்தாள்.

"இன்னிக்கு நடுவுல உங்க குரல் மாதிரியே இருந்துச்சுங்க. அடுப்பை அணைச்சிட்டு ஓடிவந்து ரேடியோ பக்கத்துலயே நின்னேன். கடைசில பேரைக் கேட்டதும்தான் புரிஞ்சுது. ஆசையில என் காதுதான் ஏமாந்துபோச்சு."

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், வெண்கலத்தின் பெயரைச் சொன்னவனும் நான்தான் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"அவருக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு, அதான்" என்றேன்.