குருட்டுக் கதவு

கச்சேரி ரத்தானால் ரசிகர்கள் என்ன செய்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். திட்டுவார்கள், இனி இவன்கள் பாட்டையே கேட்பதில்லை என்று சத்தியம் செய்வார்கள், வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அவர்கள் பாட்டையே போட்டுக் கேட்பார்கள். உறைக்காரன் மட்டும் தனி ரகம். அவனும் கூட்டாளிகளோடு சேர்ந்து தலையில் அடித்துக்கொள்வான். பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, அப்பாடா என்று மூச்சு விடுவான்.

'கிழவர்கள்' என்பது அந்த ராக் குழுவுக்கு ரசிகர்கள் செல்லமாக வைத்த பெயர். நான்கு பேர். நால்வர் வயதையும் கூட்டினால் இருநூற்று அறுபதைத் தாண்டும். உறைக்காரன் என்பதும் அதே ரசிகர்கள் வைத்த பெயர்தான். காலண்டர், மருந்துப் பெட்டி, இசைத்தட்டு அட்டை எல்லாம் அடிக்கிற ஓர் அச்சகத்தில் கடைசி மெஷின் அவனுடையது. பொருளைப் பிளாஸ்டிக் தாளுக்குள் வைத்து, ஓரத்தை ஒட்டி, சூடான கூண்டுக்குள் தள்ளினால், தாள் சுருங்கித் தோல் மாதிரி பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் வரும். அவன் ஒட்டினால் ஒட்டினதுதான். பிரித்த இசைத்தட்டை அவனிடம் கொடுத்தால், கடையிலிருந்து இப்போதுதான் வந்தது என்று கடைக்காரனே சத்தியம் செய்வான். அந்தக் கைத்திறமைதான் அவனைக் கெடுத்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் கிழவர்கள் முதல் தடவையாக இந்த ஊருக்கு வருவதாக இருந்தது. அவனும் அக்காவும் டிக்கெட் வாங்கியிருந்தார்கள். அம்மா அப்போது ஆஸ்பத்திரியில். உடம்பு தேறி வருகிறது, இன்னும் இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "போயிட்டு வாங்க, நான் எங்க ஓடிடப் போறேன்" என்று அம்மாவே அனுப்பி வைத்தாள். மைதானத்தில் மழை. மேடையில் யாரும் இல்லை. கச்சேரி நடக்காது என்று நாலு பக்கமும் பேச்சு அடிபட்டது. இன்னும் அரை மணி பார்ப்போம் என்று நின்றார்கள். அது முடிந்ததும் இன்னும் அரை மணி. அப்புறம் இன்னுமொரு அரை மணி. கடைசியில் ரத்து என்று அறிவித்தார்கள். நனைந்துபோய் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அம்மாவின் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நாற்பது நிமிஷம் முந்தி வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று நர்ஸ் சொன்னாள். அந்த நர்ஸ் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மூன்று வாரம் அவன் அக்காவோடு பேசவில்லை. அக்காவின் பிறந்தநாளுக்கென்று அவன் முன்பே வாங்கி வைத்த, கிழவர்களின் ஆல்பம் ஒன்று அலமாரியில் இருந்தது. ஒருநாள் கோபம் தலைக்கேறி, அச்சகத்துத் தாள் ஒன்றை எடுத்து ஒரு பக்கம் முழுக்க எழுதினான். 'நீதான் இன்னும் அரை மணி, இன்னும் அரை மணி என்று என்னைப் பிடித்து நிறுத்தினாய். உன்னால்தான் அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. இனி நீ எனக்கு அக்கா இல்லை.' ஆல்பத்தைப் பிரித்து, கடிதத்தை உள்ளே செருகி, மறுபடி ஒட்டி, மாமாவிடம் கொடுத்தனுப்பினான். அக்கா எந்த ஆல்பம் வாங்கினாலும் கடைப்படி இறங்குவதற்குள் கிழித்து, உள்ளே இருக்கிற தாளை எழுத்தெழுத்தாகப் படிக்கிறவள். நிச்சயம் அன்றைக்கே படித்துவிடுவாள் என்று நினைத்தான்.

அக்கா பிரிக்கவில்லை. காரணம், அட்டை.

அந்த ஆல்பத்தின் அட்டையில் ஓர் இரும்புக் கதவு. சாவித்துவாரம் இருக்கிற இடத்தில் அட்டையை நிஜமாகவே வெட்டியிருப்பார்கள். துவாரத்தில் பார்த்தால் உள்ளுறையில் அச்சிட்ட கண் ஒன்று நம்மைப் பார்க்கும். உறைக்காரன் கோபத்தில் செருகிய கடிதம், அந்தக் கண்ணுக்கு நேர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. எழுதாத பக்கம் வெளியே பார்க்க, துவாரத்தில் வெறும் வெள்ளை.

அன்று சாயங்காலம் அக்கா போனில் அழுதாள். "கண்ணே இல்லாத கதவுடா! அச்சுப்பிழை! உலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்கும். இதைப் போய் எனக்குக் கொடுத்திருக்கியே!" அப்புறம் குரல் இறங்கியது. "அம்மா போனதுலேர்ந்து நீ பேசவே இல்ல. என்மேல கோபம்னு நெனைச்சேன்டா."

"சே, அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்றான் அவன்.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் அக்கா திரும்பக் கிடைத்துவிட்டாள். ஆல்பம் கண்ணாடி அலமாரிக்குள் போயிற்று. ரசிகர் வட்டாரத்தில் அதற்குக் 'குருட்டுக் கதவு' என்று பெயரே வந்துவிட்டது. வெளியூரிலிருந்தெல்லாம் வந்து, டார்ச் அடித்துத் துவாரத்துக்குள் பார்த்துவிட்டு, ஆகா என்று போனார்கள். ஒரு கடிதத்தின் முதுகை இத்தனை பேர் இத்தனை பக்தியோடு பார்த்தது வேறெங்கும் நடந்திருக்காது. அக்கா எல்லோரிடமும் ஒன்றே சொன்னாள்: "கெழவங்க என்னிக்கு இந்த ஊர்ல மேடை ஏறுறாங்களோ, அன்னிக்கு அவங்க முன்னாடிதான் பிரிப்பேன்."

கோபம் தணிந்த பிறகுதான் உறைக்காரனுக்கு உண்மை உறைத்தது. அன்று மைதானத்தில் "போயிடலாம்டா" என்று இழுத்தது அக்கா. இன்னும் அரை மணி, இன்னும் அரை மணி என்று நின்றது அவன். செய்ததைத் தாங்க முடியாமல் அப்படியே தூக்கி அவள் தலையில் வைத்து, பிளாஸ்டிக் போட்டு ஒட்டியும் கொடுத்துவிட்டான். அதன்பின் இரண்டு தடவை கிழவர்கள் வருவதாகச் சொல்லி இரண்டு தடவையும் ரத்தானது. அவன் குளியலறையில் விட்ட மூச்சுக்கு இதுதான் காரணம்.

இந்த முறை கிழவர்கள் வந்தேவிட்டார்கள். விமான நிலையத்தில் இறங்கிய படம் நேற்றே வந்துவிட்டது.

உறைக்காரன் சும்மா இருக்கவில்லை. அதே பதிப்பில் இன்னொரு பிரதியை நாலு மாதம் தேடிப் பிடித்திருந்தான். உள்ளே வெற்றுத்தாள் ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் வைத்து, ஒட்டி, இன்னொரு குருட்டுக் கதவைப் பெற்றெடுத்தான். ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. வீடு மாறும்போது அக்காவின் பிரதி கீழே விழுந்து, வலது மூலை நகக்கண் அளவுக்கு நசுங்கியிருந்தது. புதுப் பிரதியிலும் அதே மூலையை நசுக்கவேண்டும். மெஷின் ஓரத்தில் அட்டையை வைத்து மூன்று தடவை கையை ஓங்கினான். முடியவில்லை. அக்காவை ஏமாற்றத் துணிந்த கைக்கு, பழுதில்லாத முதல் பதிப்பின் மூலையை மடக்கத் துணிவு வரவில்லை. மூலையை எவன் பார்க்கப்போகிறான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். ஆல்பம் சேர்க்கிற எவனும் இதைவிடப் பெரிய பொய்யைச் சொல்லியிருக்க முடியாது.

இன்று காலை அக்காவைக் கூப்பிடப் போனபோது, அவள் தலை சீவுகிற நேரத்தில் ஆல்பத்தை மாற்றினான். அசல் அவன் தோள்பையில். நகல் அவள் துணிப்பையில்.

இப்போது மணி மூன்றரை. மைதானத்தில் வெயில். தூரத்து மேடையில் யாரோ டிரம்ஸைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தட்டும் உறைக்காரன் விலா எலும்பில் விழுந்தது. உட்கார்ந்தான், எழுந்தான், தண்ணீர் வாங்கப் போனான், வாங்காமல் திரும்பி வந்தான்.

"உனக்கு என்னடா, கால்ல சக்கரமா?" என்றாள் அக்கா. அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். டாக்டர்கள் கிறுக்குவதை ஒரே பார்வையில் படிக்கிற கண்.

பக்கத்தில் தாடி. உள்ளூர் ரசிகர்களுக்குத் தன்னைத்தானே தலைவனாக்கிக்கொண்டவன். "அக்கா, கெஞ்சிக் கேக்கறேன், பிரிக்காதீங்க. குருட்டுக் கதவு உங்க சொத்து இல்ல, நம்ம எல்லாரோட சொத்து" என்றான்.

"கேக்கறதுக்குத்தானேப்பா இசைத்தட்டு?"

"கேக்கறதுக்கு வேற காப்பி வாங்கிக்கலாம். பிரிச்சா அப்புறம் அது வெறும் அட்டைதான்."

"நீங்கல்லாம் பாட்டு ரசிகர்களா, அட்டை ரசிகர்களா?" என்று சிரித்தபடி அக்கா துணிப்பையிலிருந்து ஆல்பத்தை எடுத்து மடியில் வைத்தாள். துவாரத்தைப் பார்த்தாள். வெள்ளை. உறைக்காரன் மூச்சு சீரானது. அவள் கட்டைவிரல் வழக்கம்போல வலது மூலைக்குப் போயிற்று. வருஷக்கணக்காகத் தடவித் தடவிப் பழகின விரல். அங்கே போய் நின்றது. இன்னொரு தடவை தடவியது.

"இந்த மூலை எப்படிடா நேராச்சு?"

தாடி எட்டிப் பார்த்தான். உறைக்காரன் மேடையைப் பார்த்தான்.

"இது என்னோடது இல்ல" என்றாள் அக்கா. சத்தம் போடவில்லை. திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவன் மார்போடு அணைத்துக்கொண்டிருந்த தோள்பையைப் பார்த்தாள். "எடு."

"அக்கா, அது வந்து..."

"எடுன்னு சொன்னேன்."

அவன் எடுத்துக் கொடுத்தான். நசுங்கிய மூலையைத் தொட்டதும் அவள் விரல் நின்றது. "வித்துடலாம்னு நெனைச்சியா?"

"ஐயோ, இல்லக்கா!"

"பின்ன எதுக்குடா?"

அந்த நேரத்தில் மேடையில் ஒருவர் மைக்கைத் தட்டினார். பாடகருக்குத் தொண்டை அடைத்துவிட்டது, டாக்டர் பாடக்கூடாது என்று சொல்லிவிட்டார், இன்றைய நிகழ்ச்சி ரத்து, மன்னிக்கவும். மைதானம் ஊ என்று ஓலமிட்டது. காலி பாட்டில்கள் பறந்தன. "அந்த வயசுல தொண்டை அடைக்காம என்ன பண்ணும்!" என்று எவனோ கத்தினான். தாடி தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஏழு வருஷமாக உறைக்காரன் வேண்டிக்கொண்டது இதைத்தான். வந்துவிட்டது. ஆனால் அக்கா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லுடா" என்றாள்.

"அச்சுப்பிழை இல்லக்கா அது" என்றான். "உள்ள ஒரு லெட்டர் இருக்கு. நான் எழுதினது. அம்மா போய் மூணு வாரத்துல. அதோட முதுகுதான் தெரியுது."

தாடி தரையிலிருந்து, "லெட்டரா?" என்றான். அவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. கச்சேரி போனதைவிட இது அவனுக்குப் பெரிய அடி. எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

அக்கா நகத்தால் பிளாஸ்டிக்கைக் கீறினாள். ஒரே இழுப்பு. அவன் ஒட்டின ஒட்டு சர்ரென்று பிரிந்தது. கடிதத்தை உருவினாள். துவாரத்துக்குப் பின்னாலிருந்த கண் ஏழு வருஷத்துக்குப் பிறகு வெளிச்சத்தைப் பார்த்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. ஆல்பத்தாள் படிக்கிற மாதிரியே படித்தாள், முதலிலிருந்து கடைசிவரை, பிறகு திருப்பி வெற்றுப் பக்கத்தையும் பார்த்து, மறுபடி முதலிலிருந்து. உறைக்காரனுக்கு ஓடிப்போகவேண்டும்போல இருந்தது. அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்தால் தேவலை என்றுகூடத் தோன்றியது.

அவள் கடிதத்தை நாலாக மடித்தாள். "சரியாத்தான் எழுதியிருக்க" என்றாள்.

"என்னக்கா சொல்ற?"

"இன்னும் அரை மணி, இன்னும் அரை மணின்னு. அது எனக்கு இப்பவும் கேக்குதுடா. கடையில மருந்து எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் கேக்கும். யார் சொன்னோம், நீயா நானான்னு எவ்வளவோ யோசிச்சுப் பாத்தேன். எப்ப யோசிச்சாலும் என் குரல்லதான் கேக்குது. அப்ப நான்தான் சொல்லியிருக்கணும்." மூக்கை உறிஞ்சினாள். "உன்கிட்ட கேக்க பயம். நீ கோபம் இல்லன்னு சொல்லிட்ட. கேட்டா ஞாபகம் வந்துடும்னு விட்டுட்டேன்."

உறைக்காரனுக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. அவள் இந்தக் கடிதத்தைப் படித்துவிடக்கூடாதே என்று ஏழு வருஷம் அவன் தூங்கவில்லை. அவளோ அதைப் படிக்காமலேயே ஏழு வருஷமும் அதற்குள் இருந்திருக்கிறாள். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் கடிதத்தைப் பற்றியும் சொல்லவேண்டி வருமே என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். இதற்குப் பெயர் அக்காவைக் காப்பாற்றுவது என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தான்.

"நீ சொல்லலக்கா" என்றான். "நீ போயிடலாம்னுதான் சொன்ன. என் சட்டையைப் பிடிச்சு இழுத்த. நான்தான் உன் கையைத் தட்டிவிட்டேன். இன்னும் அரை மணின்னு சொன்னது நான். மூணு தடவையும் நான்."

சுற்றிலும் ஜனங்கள் திட்டிக்கொண்டே கலைந்துகொண்டிருந்தார்கள். மேடையில் கம்பிகளைக் கழற்றும் சத்தம் ஆரம்பித்துவிட்டது. அக்கா பிரித்த ஆல்பத்தை மடியில் போட்டுக்கொண்டு, காது சரியாகக் கேட்காதவள் மாதிரி அவன் வாயையே பார்த்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

"நான்தான் சொன்னேன்."

"சத்தமா சொல்லு."

சத்தமாகச் சொன்னான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினாள். அவன் மறுபடியும் சொன்னான்.