இரண்டாவது டெஸ்ட்

விருதுநகர் அரசு மருத்துவமனையின் பெஞ்சில் குருவம்மாளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து சன்னல்வரை போனாள், திரும்பி வந்தாள், மறுபடி எழுந்தாள். அவள் புருஷன் சங்கிலிமுத்து செல்போனிலிருந்து தலை நிமிரவில்லை.

தாயில்பட்டி கம்பெனி ஒன்றில் சரவெடி பின்னுகிற வேலை அவளுக்கு. எட்டு மாதமாகக் காலையில் விரல்கள் மடங்குவதில்லை. கணுக்கள் வீங்கி, கை வசத்துக்கு வர பத்து மணி ஆகிவிடும். போன தையில் எடுத்த ஆர்.ஏ. ஃபேக்டர் என்கிற ரத்த டெஸ்ட்டில் ஒன்றும் இல்லையென்று வந்தது. அன்றிலிருந்து அவள் கையை உதறும்போதெல்லாம் சங்கிலிமுத்து, "ரத்தத்துலயே ஒண்ணும் இல்லேன்னுட்டாக. நீயா நெனச்சுக்கிடுறே" என்பான். கேட்டுக் கேட்டு அவளுக்கே சந்தேகம் வந்திருந்தது. இன்றைக்கு வரப்போகும் இரண்டாவது டெஸ்ட்டிலாவது ஏதாவது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அப்படி வேண்டியதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

டாக்டர் சுப்புலட்சுமி டெஸ்ட் தாளைப் படித்துவிட்டு அவள் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

"முடக்குவாதந்தாம்மா. மொதல்ல எடுத்தது வேற டெஸ்ட்டு. அதுல தெரியாமலும் இந்த நோய் இருக்கும். இது ஆன்டி சி.சி.பி. ஒங்க ஒடம்பே ஒங்க மூட்டுகள எதிரியா நெனைக்குதுங்கறதுக்கு அடையாளம். நெறையவே இருக்கு."

"அப்ப பொய் இல்லயே டாக்டரம்மா?"

"பொய்யா? யாரு சொன்னா?"

சங்கிலிமுத்து சுவரைப் பார்த்தான்.

"வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. விடாம சாப்பிட்டா வெரல் கோணாமப் பாத்துக்கிடலாம்."

"பின்னல் வேல பாக்கலாமா?"

"மூணு மாசம் போகட்டும். பாத்துட்டுச் சொல்றேன்."

பஸ்ஸில் சங்கிலிமுத்து அந்தத் தாளை மூன்று முறை பிரித்தான். இங்கிலீஷ் அவனுக்கு வராது. எண்ணை மட்டும் விரலால் தொட்டு, "இம்புட்டு இருந்துருக்கே" என்றான். நம்பிவிட்டான். ஆனால் வரும் என்று நினைத்திருந்த நிம்மதி அவளுக்கு வரவில்லை. அவன் இல்லையென்று சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும், அவளும் மனசின் ஓர் ஓரத்தில் இல்லையென்றே நம்பியிருந்திருக்கிறாள். சன்னல் கம்பியைப் பிடித்தாள், விட்டாள், பிடித்தாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. தீபாவளி சீசன், வராதவர் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும். குருவம்மாள் ரவிக்கைக் கொக்கியோடு போராடிக்கொண்டிருந்தாள். சங்கிலிமுத்து முன்னால் வந்து குனிந்தான். அவனுடைய தடித்த விரல்களிலும் கொக்கி நழுவியது.

"இன்னைக்குப் போக வேண்டாம்" என்றான்.

"மாட்டுங்க" என்றாள்.

ஹாரன் மறுபடி கேட்டது. மூன்றாவது கொக்கி இன்னும் வளையத்தில் விழவில்லை.