வந்த கதவு

"இந்த ரூமுக்கு ரெண்டு கதவு இருக்கேப்பா. சாமி எந்தக் கதவு வழியா வரும்?"

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு சிறுமி தன் அப்பாவிடம் கேட்ட கேள்வி இது. நேரில் கேட்கவில்லை, மருத்துவமனையின் மேல்மாடியில், கிருமி அண்டாமல் அடைத்து வைத்திருந்த அறையிலிருந்து வீடியோ திரை வழியாகக் கேட்டாள். அவள் சொன்னது உண்மைதான். அந்த அறைக்கு நர்ஸ்கள் வர ஒரு கதவும், அழுக்குத் துணியும் குப்பையும் வெளியே போக இன்னொரு கதவும் இருந்தன. கீழே பார்வையாளர் கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, "நீயே சொல்லேம்மா" என்றார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"போன தடவை வந்த கதவு வழியாத்தான் வரும். அதுக்குத் தெரிஞ்ச கதவு அதுதானே."

சொல்லிவிட்டுத் தூங்கிப் போனாள். ஆறு மணிக்குத் திரை அணைந்துவிட வேண்டும். அன்று அணையவில்லை. கடைசிப் பேருந்துக்குக் கிளம்பும்வரை அவர் மகளின் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இயந்திரம் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மகள் பிழைத்தாள். இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போன் செய்தால் நலம் விசாரிப்பதற்கு முன்பே, நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று அப்பாவைத் திட்டுகிறாள். அந்த நாளில் கடைகளுக்குக் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தவர், பின்னால் கணினி வேலை கற்றுக்கொண்டு அதே மருத்துவமனையில் சேர்ந்தார். சேர்ந்த புதிதில் ஒன்றைத் தெரிந்துகொண்டார். இயந்திரம் மறப்பதே இல்லை. ஆறு அடித்ததும் எல்லா இணைப்புகளையும் தானே துண்டித்துவிடும். ஏதாவது ஒன்று தொடர வேண்டுமானால், மருத்துவமனையின் ஜன்னல் இல்லாத கணினி அறையில் யாராவது உட்கார்ந்து, திரையில் ஒரு பெட்டி வரும்போதெல்லாம் 'நீட்டிக்கவும்' என்பதை அழுத்த வேண்டும். பெட்டி சில நிமிடங்களுக்கு ஒருமுறை வரும். அப்படியானால் அன்று மாலை முழுவதும் யாரோ அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். யார் என்று பலரிடம் கேட்டுப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை. நன்றி சொல்ல ஆள் கிடைக்காத நன்றி மனத்தில் ஒரு பாரம்தான். அதை அவர் இறக்கி வைக்காமல் சுமந்துகொண்டிருந்தார்.

இந்த வாரம் கணினி அறையில் புது சர்வர் ஒன்றை வைத்து, அதிலிருந்து மேல்மாடிக் கணினிகளுக்கெல்லாம் புது ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றினார். பக்கத்தில் ஆள் நிற்கத் தேவையில்லாத முறை அது. கணினியை ஆன் செய்தால், அது கேபிள் வழியே சர்வரைத் தேடி வந்து, ஏற்றும் நிரலை வாங்கிப் போகும். பிறகு அந்த நிரல் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம், அவர் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் பதில்களைப் படித்துக்கொண்டு தானே வேலையை முடிக்கும். மற்ற அறைகள் முடிந்துவிட்டன. காய்ச்சலில் கிடந்த ஒரு சிறுவனின் அறை மட்டும் பாக்கி. இன்று காலை அந்த அறையின் பழைய சிஸ்டம் புது சர்வரோடு பேச மறுத்துவிட்டதால் திரை இருண்டுவிட்டது.

மதியம் மேல்மாடி நர்ஸ் போன் செய்தார். "சார், எங்க முதலாளி உங்ககிட்டப் பேசணுமாம்."

முதலாளிக்கு ஏழு வயது. அங்கே எல்லாருக்கும் உத்தரவு போடுவதால் நர்ஸ் வைத்த பெயர்.

"கம்ப்யூட்டர் மாமா, இன்னைக்கு அம்மா வருவாங்க. எனக்குப் பல்லு விழுந்துடுச்சு. அம்மாகிட்ட இன்னும் சொல்லல."

"போன்லயே சொல்லிடலாமே."

"சொன்னா 'அப்படியா'ம்பாங்க. காட்டினாத்தான் சிரிப்பாங்க."

அம்மா ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறவர். வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. போன வாரம் காய்ச்சலால் திரை போடவில்லை; மகன் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனார். இன்றும் திரை வராவிட்டால் இன்னும் ஒரு வாரம். அந்த அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு வாரம் என்பது சின்ன விஷயமில்லை என்பது அவருக்குத் தெரியும்.

கணினியை ஆன் செய்யும் பொத்தானை அழுத்தும் வேலையைச் சிறுவனே எடுத்துக்கொண்டான். திரையில் எழுத்துகள் ஓடின, பிறகு நின்றன. "ஏதோ தேடுதாம் மாமா. தேடிட்டே இருக்கு" என்றான்.

எதைத் தேடுகிறது என்பது அவருக்குப் புரிந்தது. அந்தக் கணினியில் கேபிள் செருகும் நெட்வொர்க் கார்டுகள் இரண்டு. ஒன்று இந்த சர்வருக்கு வருவது. மற்றொன்று நாடித்துடிப்பு காட்டும் கருவிக்குப் போவது. இரண்டிலும் பச்சை விளக்கு எரியும். கணினி சர்வரைத் தேடி வந்தது சரியான கார்டு வழியாகத்தான். ஆனால் ஏற்றும் நிரல் கண் விழித்ததும் தான் எப்படி வந்தோம் என்பதையே மறந்துவிட்டது. விளக்கு எரிகிற முதல் கார்டைப் பிடித்துக்கொண்டு 'எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்' என்று கேட்டது. அந்தப் பக்கம் முகவரி கொடுக்க யாருமில்லை. பதில் வராத வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தது.

மற்ற அறைகள் அப்போது காலியாக இருந்தன. அங்கெல்லாம் நேரில் போய் ஒரு கேபிளைப் பிடுங்கிவிட்டு வேலையை முடித்திருந்தார். இங்கே முடியாது. கணினி சுவருக்குள், பலகை போட்டு மூடியிருந்தது. பலகையைத் திறந்தால் தூசி வரும். அந்தத் தூசியைத் தாங்கும் தெம்பு இன்னும் அந்தச் சின்ன உடம்புக்கு வரவில்லை.

பதில்களில் ஒன்றை மாற்றினார். 'இரண்டாவது கார்டை எடுத்துக்கொள்' என்று எழுதினார். சிறுவன் மறுபடி அழுத்தினான். மறுபடி அதே இடத்தில் நின்றது. அவருக்குக் குழப்பமாக இருந்தது. வந்த விவரங்களை நிதானமாகப் படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: இந்த முறை கார்டுகள் இடம் மாறியிருந்தன. எந்தக் கார்டு முதலில் விழிக்கிறதோ அதற்கே நிரல் முதல் எண்ணைக் கொடுத்துவிடுகிறது. அன்றன்றைக்கு எது முந்துமென்று சொல்ல முடியாது.

நர்ஸிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "எங்க வீட்டு ரெட்டைப் பிள்ளைங்க கதைதான் சார். எவன் முதல்ல எழுந்திரிக்கிறானோ அன்னைக்கு அவன்தான் அண்ணனாம்."

எண்ணி அடையாளம் சொல்வது உதவாது என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு கார்டுக்கும் தயாரிக்கும்போதே பதித்த ஓர் எண் உண்டு, அது மாறாது. ஆனால் அது கார்டின் மேல் அச்சிட்டிருக்கும், கார்டோ பலகைக்குப் பின்னால்.

கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளக் கீழே இறங்கினார். பார்வையாளர் கூடத்தில் சிறுவனின் அம்மா வந்திருந்தார். முகம் கழுவி, தலை வாரி, திரைக்கு நேராக இருக்கும் நாற்காலியில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார். திரை இருட்டாக இருந்தது. கணினிக்காரரைப் பார்த்ததும் எழுந்தார்.

"இன்னைக்கும் இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க அண்ணா. மனசத் தேத்திக்கிறேன்."

அவர் அந்த நாற்காலியைப் பார்த்தார். ஒரு காலத்தில் அவர் உட்கார்ந்த நாற்காலி. அதில் உட்கார்ந்துதான் மகளின் கேள்வியைக் கேட்டார், அவள் சொன்ன பதிலையும் கேட்டார். போன தடவை வந்த கதவு. அப்படியே நின்றுவிட்டார். கணினி சர்வரைத் தேடி வந்தபோது, தான் வந்த கார்டின் எண்ணைச் சொல்லிக்கொண்டுதானே வந்தது? பலகையைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. வந்த வழியை அதனிடமே சொல்லி அனுப்பினால் போதும்.

இதைக் கடவுள் சொன்னார் என்று அவர் யாரிடமும் சொல்லமாட்டார். ஆனால் படியேறும்போது மனத்துக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

"உக்காருங்கம்மா, வரும்" என்று மட்டும் அந்தத் தாயிடம் சொல்லியிருந்தார்.

கணினி அறையில் இரண்டு வரிகளை மாற்றினார். எந்தக் கார்டு வழியாக வந்தாயோ அதன் எண்ணைக் கையோடு கொண்டு போ என்பது ஒன்று. அந்த எண்ணுள்ள கார்டைத் தவிர வேறெதையும் தொடாதே என்பது மற்றொன்று. பிறகு மேல்மாடிக்குப் போன் செய்தார்.

"அழுத்திட்டேன்" என்றான் சிறுவன்.

"என்னப்பா, நிக்குதா?"

"இருங்க மாமா, பாத்துட்டிருக்கேன்ல." கொஞ்ச நேரம் கழித்துக் குரல் உயர்ந்தது. "தாண்டிடுச்சு. நின்ன இடத்தத் தாண்டிடுச்சு. இப்ப கோடு வளருது."

கோடு வளர்ந்து முடிய நேரம் பிடித்தது. கூடத்துத் திரை வெளிச்சமானபோது ஆறு மணிக்குக் கொஞ்சமே பாக்கி. சிறுவன் திரைக்குப் பக்கத்தில் வந்து வாயை முடிந்தமட்டும் அகலமாகத் திறந்தான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். தனக்கும் முதலில் விழுந்தது அதே பல்தான் என்றார். அவன் நம்பவில்லை, பாட்டியிடம் விசாரிப்பதாகச் சொன்னான். பல் விழுந்த கதையை, சாப்பிடும்போது எப்படி ஆடியது என்பதிலிருந்து ஆரம்பித்தான்.

அவ்வளவையும் வாசலில் நின்று பார்த்துவிட்டு அவர் மேலே வந்தார். நர்ஸின் வேலை நேரம் முடிந்திருந்தது. மற்றவர்களும் கிளம்பிவிட்டார்கள். நடைபாதையில் கூட்டிப் பெருக்கிய ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. கணினி அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

ஆறு அடித்தது. ஒவ்வொன்றாக இணைப்புகள் அணைந்தன. கடைசியில் சிறுவனின் அறை எண்ணோடு ஒரு பெட்டி வந்து நின்றது. அவர் அழுத்தினார்.

அந்த அறையின் படத்தை அங்கிருந்தும் பார்க்கலாம். அது அவர்களுடையது என்று படத்தை மூடிவிட்டு, பெட்டி வரும் இடத்தை மட்டும் திறந்து வைத்துக்கொண்டார். பெட்டி வந்தது, அழுத்தினார். மகள் போன் செய்தாள். சாப்பிட்டாயிற்றா என்றாள். இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றார். வழக்கம்போல் திட்டினாள். சிரித்துக்கொண்டே மறு கையால் அழுத்தினார்.

கீழே, கூடத்துத் திரையில், கதை பாதியில் நிற்க மகன் தூங்கிப் போயிருந்தான். இயந்திரம் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, எங்கே ஞாபகம் வந்துவிடுமோ என்பதுபோல் அசையாமல் உட்கார்ந்து, அந்தத் தாய் அவன் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே பெட்டி மறுபடி வந்தது. அவர் அழுத்தினார்.