கண்ணாடியில் தெரியாத இடம்

அக்காவின் தையல்கடையைத் திறக்க நேரமாகிவிட்டது. அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு தம்பி பறந்தான். முன்னால் ஒரு நீள லாரி ஆமையாய் ஊர்ந்தது. அவன் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை.

“ரோட்டை அவங்க அப்பன் எழுதிவச்ச மாதிரி போறான் பாரு!”

அக்காவின் கண் அந்த லாரியிலேயே இருந்தது. லாரியையும் தார்ப்பாயையும் கண்டால் அவள் மனம் பின்னோக்கி ஓடிவிடும். கல்யாணமான புதிதில், லாரி ஓட்டிய கணவரோடு மூன்று நாள் ஊர் சுற்றினாள். அந்த உயரத்திலிருந்து வீடுகளெல்லாம் தீப்பெட்டி அடுக்கியதுபோல் தெரிந்தன. இஞ்சின் இரைச்சலை மீறி அவர் பாடிக்கொண்டே வந்தார். ஒரு வரியாவது சுருதி சேரவில்லை. அவர் தவறி நான்கு வருடம் ஆகிறது. அந்தக் கரகரப்பு மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

லாரி இடப்பக்க விளக்கைச் சிமிட்டியபடி, இடப்பக்கம் திரும்ப இடம் வேண்டி முதலில் வலப்பக்கம் ஒதுங்கியது.

“வழி விட்டுட்டான்க்கா!” தம்பி லாரியின் இடப்பக்க இடைவெளியில் காரை நுழைத்தான்.

“நில்லுடா! அவர் இந்தப் பக்கம் திரும்புறாரு!”

சீறிக்கொண்டு பிரேக் பிடித்தது. காரின் பக்கக் கண்ணாடி நொறுங்கியது. தம்பிக்கும் பெரிய சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண்தான்.

அக்கா பக்கமாக இறங்கிய தம்பி எகிறினான். “கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?”

நரைத்த மீசைக்கார ஓட்டுநர் ஓடிவந்தார். “உள்ள குழந்தைங்க யாரும் இல்லையே?” என்றார் முதலில். பிறகுதான், “இப்படி ஒட்டி வந்தா எனக்குக் கண்ணாடியில தெரியாது தம்பி” என்றார். அப்படியே டயரோரம் குந்திவிட்டார்.

அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். “தப்பு எங்க மேலதாண்ணே.” பிறகு தம்பியிடம் திரும்பினாள். “உங்க மாமா சில நாள் தட்டுல கைவச்சபடியே உக்காந்திருப்பாரு. கேட்டா, ‘இன்னைக்கு ஒருத்தன் மயிரிழையில தப்பிச்சான்’னுவாரு. அன்னைக்கு ஒரு வாய் இறங்காதுடா. அந்த ஒருத்தன் உன்ன மாதிரி ஆளுதான்.”

மாமா என்றால் தம்பிக்கு உயிர். தலை குனிந்தான். ஓட்டுநரைக் கைகொடுத்து எழுப்பினான். “மன்னிச்சிருங்கண்ணே. நீங்க ஏறுங்க, நான் பாத்துக்கறேன்.”

காரைப் பின்னுக்கு எடுத்து நிறுத்திவிட்டு, நடுச்சாலையில் கைகளை விரித்து நின்றான். பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின. பைக்கில் வந்த ஒருவர் கத்தினார்.

“கொஞ்சம் பொறுங்க சார்,” என்றான் தம்பி. “பெரிய வண்டிக்குத் திரும்ப இடம் வேணும். நாம விடுற ரெண்டு நிமிஷம் நம்ம உயிருக்கும் காவல், அவரு நிம்மதிக்கும் காவல்.”