தேய்ந்த காசும் பழைய சீட்டும்

குழாய் ரிப்பேர்காரர் அவள் மேஜைமேல் சோப்பு டப்பாவை வைத்துத் திறந்தார். பஞ்சுக்கு நடுவே கறுத்துப்போன ஒரு செப்புக்காசு.

"மாமனார் போன மாசம் தவறிட்டார் மேடம். அவர் அலமாரியில இருந்துச்சு. என்ன காசுன்னு கேட்டு என் சம்சாரம் உயிரை எடுக்கிறா."

அருங்காட்சியகத்தின் பின்னறையில் காசுகளைப் பதிவு செய்வது அவள் வேலை. ரோமானிய மாகாண நகரம் ஏதோ ஒன்றில் அடித்த காசு என்று பார்த்ததுமே தெரிந்தது. எந்த நகரம் என்பதுதான் தெரியவில்லை. அரசனின் முகம் வழவழவென்று தேய்ந்து, கழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது.

"ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று ரசீது எழுதிக் கொடுத்தாள்.

அந்த இரண்டு வாரமும் நாய்ப்பிழைப்பு. அவளுடைய மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. காலையில் ஆஸ்பத்திரி, இரண்டு பஸ் மாறி வேலை, சாயங்காலம் மறுபடி ஆஸ்பத்திரி. மதியச் சாப்பாட்டு நேரம்தான் காசுக்கு. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, காசை நூலளவு நூலளவாகத் திருப்புவாள். பின்பக்கத்தில் ஒரு நதி தெய்வம் சாய்ந்து கிடந்தது. ஓரத்து நிழலில் ஒரு கிரேக்க எழுத்து தலைகாட்டும். கண் சிமிட்டினால் காணாமல் போய்விடும்.

எட்டாம் நாள் நகரப் பெயரின் கடைசி நான்கு எழுத்துகள் சேர்ந்தன. நதி தெய்வத்தோடு அப்படி முடியும் பெயர் பட்டியல் நூலில் ஒன்றே ஒன்று: ஒரு மலையடிவார நகரம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. தெய்வத்தின் தோளிலிருந்து விளிம்புவரை மயிரிழை போல ஒரு மேடு. அடிக்கும் அச்சில் விரிசல் விட்டால் காசில் அப்படி விழும். இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று காட்சிக்கூடத்துக்குப் போனாள். மூன்றாவது கண்ணாடிப் பெட்டியில் இருந்த காசில் அதே மேடு, அதே இடத்தில். இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை. ஆனால் அதன் கீழிருந்த சீட்டு ஒரு துறைமுக நகரத்தின் பெயரைச் சொன்னது. எழுத்தே மிஞ்சாத அந்தக் காசுக்குப் பத்தொன்பது வருஷத்துக்கு முன் குத்துமதிப்பாகப் பெயர் வைத்தவள் அவளேதான்.

பெஞ்சில் உட்கார்ந்தாள். கால் கடுத்தது. தன்மேல் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

விஷயத்தைக் கேட்ட இயக்குநர், "இத்தனை வருஷமா யாரும் கேக்கலையேம்மா. நீங்களா ஏன் வம்பை விலைக்கு வாங்கறீங்க?" என்றார்.

"நானும்தான் கேக்காம இருந்துட்டேன் சார். இப்ப தெரிஞ்சுபோச்சே."

"நம்ம மியூசியம் போட்ட புத்தகத்துலயும் அதே பேர்தான் இருக்கு. திருத்தம் போட்டா உங்க பேரோடதான் வரும்."

"வரட்டும் சார்."

மறுநாளே சீட்டை மாற்றினாள்.

ரிப்பேர்காரர் வந்தபோது நகரத்தின் பெயரை எழுதிக் கொடுத்து, "உங்க காசாலதான் எங்க தப்பு தெரிஞ்சது" என்றாள்.

"எங்க மாமனாரும் அப்படித்தான் மேடம். அடுத்தவங்க தப்பைக் கண்டுபிடிக்கலைன்னா அவருக்குச் சோறு இறங்காது."

அந்த இரண்டு வாரத்தில் அன்றுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

சாயங்காலம் பஸ்ஸில் தூங்கிப்போய், ஆஸ்பத்திரிக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினாள். அடுத்த பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் நடந்தே திரும்பினாள்.